மலைப்படைத் தளபதி சராஃபிஸ்

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில் தெசாலி என்னும் பரந்த சமவெளி உள்ளது. அதன் மேற்கெல்லையில் பிந்தோஸ் மலைத்தொடர் அரண்போல் உயர்ந்து நிற்கிறது. அம்மலைக்கு அருகிலுள்ள திரிகலா என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு ஸ்டெஃபனோஸ் சராஃபிஸ் பிறந்தார். இளமையிலேயே படையில் சேர்ந்த அவர், 1912, 1913ஆம் ஆண்டுகளில் நடந்த பால்கன் போர்களிலும் அதன்பின் வந்த முதல் உலகப் போரிலும் பங்கேற்றார். படிப்படியாக உயர்ந்து கர்னல் ஆனார். கட்டளை, அணிவகுப்பு, வரைபடம் ஆகியவற்றோடு கழிந்த வாழ்க்கை அது. மலைக்காட்டில் மறைந்திருந்து பகைவரைத் தாக்கும் கெரில்லாப் படைக்குத் தாம் தலைமை ஏற்கக்கூடும் என்று அந்நாளில் அவர் எண்ணியிருக்கமாட்டார்.

அக்காலத்தில் கிரேக்க நாடு இரு பிரிவாகப் பிளந்து கிடந்தது. மன்னராட்சியை விரும்பியோர் ஒருபுறமும், வெனிசெலோஸ் என்னும் தலைவரைப் பின்பற்றிய குடியரசுவாதிகள் மறுபுறமும் நின்றனர். இப்பிளவு படைக்குள்ளும் புகுந்திருந்தது. சராஃபிஸ் குடியரசின் பக்கம் நின்றார். மன்னராட்சி மீண்டும் வருவதைத் தடுக்கக் குடியரசு அதிகாரிகள் 1935 மார்ச்சில் ஒரு கிளர்ச்சியை நடத்தினர். அதில் முன்னின்றோருள் சராஃபிஸும் ஒருவர். கிளர்ச்சி சில நாள்களிலேயே தோற்றது. படை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதைவிடக் கொடியது வேறொன்று. மக்கள் கூடியிருந்த இடத்தில் அவரை நிறுத்தி, சீருடையிலிருந்த பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தனர். போர்வீரன் ஒருவனுக்கு இதனினும் பெரிய இழிவு இல்லை.

மன்னர் நாடு திரும்பியபின் அவருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. ஆயினும் பறிபோன பதவி மீளவில்லை. 1936இல் மெடாக்சாஸ் என்பவரின் சர்வாதிகார ஆட்சி தொடங்கியதும், சராஃபிஸ் மிலோஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேதான் மரியன் பாஸ்கோ என்னும் ஆங்கிலேயப் பெண்மணியை அவர் சந்தித்தார். அவ்விருவரும் மணம் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1940 அக்டோபரில் இத்தாலி கிரேக்கத்தின்மீது படையெடுத்தது. அனுபவமிக்க அதிகாரிகள் நாட்டுக்குத் தேவைப்பட்ட நேரத்திலும், கிளர்ச்சிக்காக நீக்கப்பட்ட உயர் அதிகாரிகளை அரசு போர்முனைக்கு அழைக்கவில்லை. பழைய பகை நாட்டின் நலனையும் மறைத்துவிட்டது. இத்தாலியரைக் கிரேக்கர் விரட்டியடித்தனர். ஆனால் 1941 ஏப்ரலில் ஜெர்மனி படையெடுத்தபோது நாடு வீழ்ந்தது. ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்றும் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வாண்டின் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரில் கொடும்பஞ்சம் வந்தது. பசியால் பல்லாயிரவர் மடிந்தனர்.

அடிமை நாட்டின் மலைகளில் விடுதலைப் படைகள் தோன்றின. அவற்றுள் பெரியது 'எலாஸ்' எனப்பட்ட கிரேக்க மக்கள் விடுதலைப் படை. பொதுவுடைமைக் கட்சியினர் அதனை வழிநடத்தினர். எபிரஸ் பகுதியில் நெப்போலியன் செர்வாஸ் என்னும் மற்றொரு முன்னாள் அதிகாரி 'எடெஸ்' என்னும் படையை நடத்தினார். சராஃபிஸ் பொதுவுடைமைவாதி அல்லர். ஆதலால், கட்சிச் சார்பற்ற படை ஒன்றை அமைக்கும் நோக்கத்துடன் 1943இன் தொடக்கத்தில் தெசாலி மலைகளுக்குச் சென்றார்.

அம்முயற்சி நீடிக்கவில்லை. மார்ச் மாதத்தில் எலாஸ் படையினர் அவருடைய சிறு படையைச் சூழ்ந்து, ஆயுதங்களைப் பறித்துக்கொண்டனர். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பழியைச் சுமத்தி, அவரைக் கைதியாக மலைக்கிராமங்களின் வழியே நடத்திச் சென்றனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் மன்னராட்சியினர் இழிவு செய்தனர். இப்போது விடுதலைப் போராளிகளே இழிவு செய்தனர்.

ஆனால் அந்த நடைப்பயணத்தில் சராஃபிஸ் கண்களை மூடிக்கொண்டு செல்லவில்லை. கிராமத்தார் எலாஸ் படைக்கு உணவு சுமந்து வருவதையும், ஊர்களே தமக்குள் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதையும் கண்டார். சிதறிய அதிகாரிகளின் சிறு குழுக்கள் ஜெர்மானியரை எதிர்த்து நிற்க இயலாது என்றும், மக்களின் ஆதரவு எங்கு உள்ளதோ அங்குதான் படையும் நிலைக்கும் என்றும் அவர் தெளிந்தார். எலாஸ் தலைவர்களுக்கும் ஒரு குறை இருந்தது. வீரர்கள் பலர் இருந்தும், போர்க்கலை கற்ற அதிகாரிகள் போதவில்லை. அவர்கள் தங்கள் கைதியிடமே தலைமையை ஏற்குமாறு வேண்டினர். சராஃபிஸ் இசைந்தார். மலையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வியப்படைந்தனர். அவர் அச்சத்தால் இணங்கியிருக்கலாம் என்றும் ஐயுற்றனர். தம் விருப்பத்தின்படியே ஏற்றதாக அவர் இறுதிவரை கூறிவந்தார். தம்மை இழிவுபடுத்தியோரிடம் வஞ்சம் தீர்க்காமல், அவர்களுடனேயே சேர்ந்து பொதுப் பகைவரை எதிர்த்தது எளிய செயல் அன்று.

1943 மே மாதம் அமைந்த தலைமையகத்தில் மூவர் இருந்தனர். சராஃபிஸ் படைத்தளபதி, புகழ்பெற்ற கெரில்லாத் தலைவர் ஆரிஸ் வெலுகியோடிஸ் போராளிகளின் தலைவர், மூன்றாமவர் கட்சியின் பிரதிநிதி. குழுக்களாகத் திரிந்தோரைச் சராஃபிஸ் படைப்பிரிவுகளாக ஒழுங்குபடுத்தினார். அதிகாரிகளைப் பயிற்றுவிக்க மலையிலேயே ஒரு பள்ளி இயங்கியது. அவ்வாண்டு கோடையில், நேச நாடுகள் சிசிலித் தீவில் இறங்குவதை மறைப்பதற்காக, கிரேக்கமெங்கும் பாலங்களும் பாதைகளும் தகர்க்கப்பட்டன. அப்பணியில் எலாஸ் பெரும்பங்கு வகித்தது. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், தெசாலியில் இருந்த இத்தாலியப் படைப்பிரிவின் ஆயுதங்கள் எலாஸ் வசமாயின.

இப்புகழில் ஒரு கறையும் உண்டு. பகைவன் நாட்டில் இருக்கும்போதே எலாஸும் எடெஸும் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. 1944 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையால் அப்போர் ஓய்ந்தது. செப்டம்பரில் இத்தாலியின் கசேர்டா நகரில் சராஃபிஸும் செர்வாஸும் தங்கள் படைகளை ஆங்கிலேயத் தளபதி ஸ்கோபியின் கீழ் வைக்க ஒப்புக்கொண்டனர். அக்டோபர் 12 அன்று ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டு வெளியேறினர்.

விடுதலையின் மகிழ்ச்சி இரண்டு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் எலாஸுக்கும் ஆங்கிலேயப் படைக்கும் போர் மூண்டது. அதே நேரத்தில், சராஃபிஸும் ஆரிஸும் எபிரஸில் செர்வாஸை எதிர்க்க அனுப்பப்பட்டனர். தலைநகரில் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்பட்டபோது தலைமைத் தளபதி அங்கு இல்லை! 1945 பிப்ரவரி 12இல் வர்கிசா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தாம் உருவாக்கிய படையைக் கலைக்கும் ஆணையைப் பிறப்பிக்கும் பொறுப்பு சராஃபிஸையே சேர்ந்தது. 40,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. இம்முடிவை ஏற்காத ஆரிஸ் மீண்டும் மலைக்குச் சென்று, சில மாதங்களில் மடிந்தார்.

ஆயுதத்தை ஒப்படைத்த தளபதிக்கும் அமைதி கிட்டவில்லை. எலாஸ் வரலாற்றை 1946இல் நூலாக வெளியிட்ட அவர், பல ஆண்டுகள் தீவுகளில் காவலில் வைக்கப்பட்டார். அவற்றுள் மக்ரோனிசோஸ் என்னும் வறண்ட தீவும் ஒன்று. அதனால் 1946 முதல் 1949 வரை நாட்டை அழித்த உள்நாட்டுப் போரில் அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. விடுதலை பெற்றபின் மரியனை மணந்தார். 'எடா' என்னும் இடதுசாரிக் கட்சியில் பணியாற்றி, 1956இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1957 மே 31 அன்று, ஏதென்ஸுக்கு அருகில் கடற்கரையை ஒட்டிய அலிமோஸில், அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஓட்டிவந்த மகிழுந்து மோதி சராஃபிஸ் இறந்தார். உடனிருந்த மரியன் காயங்களுடன் பிழைத்தார். கணவரின் நூலின் மொழிபெயர்ப்பு 1980இல் லண்டனில் வெளிவந்தது.