தாம்பரம் சானடோரியம்: காசநோய்க்காக ஊர் திரும்பிய டாக்டர் முத்து… அன்று மருந்தில்லாமல் போனதால் கிட்னிக்கு என்ன ஆனது?

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். தினமும் அதைக் கடக்கிற பலருக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார் என்பது தெரியாது.

யார் இந்த முத்து?

டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து, காசநோய் நிபுணர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாகச் சேர்ந்தார். பிறகு ஊர் திரும்பிய முத்து, 1928-ல் தாம்பரத்தில் வெறும் 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசு வசம் போனது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

அவரிடம் என்ன மருந்து இருந்தது?

காசநோய் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். சுத்தமான காற்று, வெயில், சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. இவ்வளவுதான் சிகிச்சை. அதனால் பலருக்கு நோய் வருஷக்கணக்கில் நீடித்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

நுரையீரல் நோய் கிட்னிக்குப் போவது எப்படி?

உடம்பில் அழற்சி நீண்ட நாள் தொடர்ந்தால், கல்லீரல் ஒருவகைப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அதன் துண்டுகள் தப்பாக மடிந்து, நார் நாராக உறுப்புகளில் படியும். இதுதான் அமிலாய்டோசிஸ். காசநோயாளிகளின் உடலில் இந்தப் படிவை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே பார்த்திருக்கிறார்கள்.

● கிட்னி: அதிகம் அடிபடுவது இதுதான். சிறுநீரில் புரதம் கசியும், நுரை வரும், கால் வீங்கும். கடைசியில் கிட்னியே செயலிழக்கலாம்.
● கல்லீரல், மண்ணீரல்: வீங்கிப் பெரிதாகும்.
● குடல்: வயிற்றுப்போக்கு, எடை குறைவு.
● இதயம்: காசநோயால் வரும் வகையில் அரிது. எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் இன்னொரு வகையில் இதயச் சுவர் விறைத்து மூச்சு வாங்கும். நரம்புகள் பாதிக்கும், சிலருக்கு நாக்கு தடிக்கும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

முத்து 1940-ல் காலமானார். வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுத்தாலே சானடோரியத்தில் தங்குவதற்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959-ல் நிரூபித்தது, இதே சென்னையில் நடந்த ஆய்வுதான். சாதாரண நுரையீரல் காசநோய்க்கு இன்று பொதுவாக 6 மாத மாத்திரை போதும். ஆனா இருமல் நின்னதும் மாத்திரையை நிறுத்திடுறவங்க இன்னும் இருக்காங்க. கிருமி மிச்சமிருந்தால் அழற்சியும் தொடரும், உறுப்புகளில் படிவும் சேரலாம்.

காசநோய் இருந்தவர்களுக்குக் கால் வீக்கமோ நுரையான சிறுநீரோ வந்தால், முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யணும். முத்துவின் நோயாளிகளுக்குக் கிடைக்காத மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதை முழுசா முடிப்பது மட்டும்தான் நம்ம வேலை.