பென்சில் முனைக்குள்ளே பார்த்தவர் – கே.எஸ். கிருஷ்ணன்

இந்த மாதம் நம்ம சுவர்ப் பத்திரிகையில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறேன். அவர் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது அது விருதுநகர் மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். நமக்கு எப்படி ஜன்னலைத் திறந்தா மலை தெரியுதோ, அப்படித்தான் அவருக்கும். அந்த ஊர்ப் பள்ளியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படித்துவிட்டு மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரிக்கும் போனார். அதே கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பிரிவில் வேலையும் கிடைத்தது. அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எந்தச் சந்தேகமும் கேட்கலாம் என்று ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். இயற்பியலா, வேதியியலா, கணக்கா, எதுவானாலும் சரி. பக்கத்துக் கல்லூரிப் பசங்களும் வர ஆரம்பிச்சாங்களாம். (நம்ம பள்ளியிலும் இப்படி ஒரு மதிய நேரம் இருந்தால் முதல் ஆளாக நான் வருவேன்.)

1923-ல் கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஒளி ஒரு திரவத்துக்குள் போய்ச் சிதறும்போது அதன் நிறம் மாறுமா என்பதுதான் அங்கே கேள்வி. 1928 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சூரிய வெளிச்சத்தை வடிகட்டி, சுத்தம் செய்த திரவத்தின் மேல் விழவைத்து, இருட்டில் கண்ணைப் பழக்கி உட்கார்ந்து பார்த்தவர் கிருஷ்ணன். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 60 திரவங்கள். அந்த மங்கலான புது ஒளி தெரிந்தது. இங்கிலாந்தின் 'நேச்சர்' பத்திரிகையில் 1928 மார்ச் 31 அன்று வந்த அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் இருந்தது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. விளைவின் பெயரும் ராமன் விளைவு. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு நாம எல்லாரும் தலைப்பாகையோடு ராமன் படம் வரைவோம். கிருஷ்ணன் படத்தை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. நான் ராமனைக் குறை சொல்லவில்லை. 1921-ல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கி ஏழு வருஷம் அந்தக் கேள்வியை விடாமல் வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் கேள்வி ஒருத்தருடையதாகவும், பார்த்த கண் இன்னொருத்தருடையதாகவும் இருந்தால் படத்தில் ரெண்டு பேரும் இருக்க வேண்டாமா? அடுத்த பிப்ரவரிக்கு ரெண்டு படம் வரையலாம் என்று பத்திரிகைக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

இத்தோடு கிருஷ்ணன் கதையை நிறைய பேர் முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுக்கு அப்புறம்தான் வருது.

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார் (இப்போது வங்கதேசத்தின் தலைநகரம்). அங்கே அவர் கையில் எடுத்தது படிகங்கள். படிகம் என்றால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ரத்தினம் மட்டும் இல்லை. கற்கண்டு, உப்பு, பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை எல்லாம் படிகம்தான். இரும்பு, செம்பு, தங்கம்கூடப் படிகம்தான் என்று தெரிந்தபோது நான் நம்பவே இல்லை. மாட வீதி பழக்கடையில் ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களே, செம்பு, வெள்ளி, தங்கம், அலுமினியம் நான்கிலும் அணுக்கள் அப்படித்தான் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். இரும்பில் அடுக்கு வேறு மாதிரி: கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஒவ்வொரு அணு, நட்ட நடுவில் ஒன்று.

இந்த அடுக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. எக்ஸ் கதிர் கருவியால் கண்டுபிடிப்பார்கள். கிருஷ்ணன் காந்தத்தை வைத்து ஒரு வழி கண்டார். சின்னப் படிகத்தை மிக மெல்லிய இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியை முறுக்கிக்கொண்டே போனால், படிகம் காந்தப் பிடியில் பிடிவாதமாக நிற்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று சுழன்றுவிடும். எவ்வளவு முறுக்கியபோது சுழன்றது என்பதை வைத்துப் படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடலாம். அதிலிருந்து மூலக்கூறுகள் உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்றும் சொல்லலாம். ஒரு இழை, ஒரு காந்தம், பொறுமை. அவ்வளவுதான்!

1933-ல் பேராசிரியராகக் கல்கத்தா திரும்பி கிராஃபைட்டை ஆராய்ந்தார். பென்சிலில் இருக்கிற கறுப்புக் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட் முழுக்கக் கார்பன். வைரமும் கார்பன்தான். கார்பனுக்கு எலக்ட்ரான் அமைப்பு 2, 4 என்று வகுப்பில் எழுதியிருக்கிறோம். வைரத்தில் அந்த நாலு எலக்ட்ரானும் நாலு பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கும். அதனால் வைரம் அவ்வளவு கெட்டி, மின்சாரமும் கடத்தாது. கிராஃபைட்டில் மூணு எலக்ட்ரான்தான் கைகோக்கும். அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணத் தாள்களாக அடுக்கியிருக்கும். நாலாவது எலக்ட்ரான் அந்தத் தாளுக்குள் எங்கும் ஓடித் திரியும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் பிடிப்பு குறைவு, அதனால்தான் பென்சில் பேப்பரில் வழுக்கி எழுதுகிறது.

கிருஷ்ணன் அளந்தபோது கிராஃபைட்டின் காந்தத் தன்மை தாளுக்குச் செங்குத்தாக இருக்கும் திசையில், தாளின் ஓரமாக இருப்பதைவிட 40 மடங்குக்கு மேல் இருந்தது. 1939-ல் கங்குலி என்பவரோடு சேர்ந்து மின்சாரத்தையும் அளந்தார். தாளோடு போகும் மின்சாரம் தாளைக் குறுக்கே தாண்டுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு சுலபமாகப் போகிறது. அந்த நாலாவது எலக்ட்ரான் எங்கே ஓடுகிறது, எங்கே ஓட முடியவில்லை என்று வெளியே நின்றே அளந்துவிட்டார்! 2004-ல் அந்தத் தாள் ஒன்றை மட்டும் ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்தார்கள். அதற்கு கிராஃபீன் என்று பெயர். அந்த ஆராய்ச்சிக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே காந்த முறையில் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்தவர் ஒரு பெண், கேத்லீன் லான்ஸ்டேல். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளை. பென்சீன் வளையம் தட்டையானது என்று எக்ஸ் கதிரால் நிரூபித்தவர். அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1936-ல் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது. அந்தச் சங்கம் கிருஷ்ணனை 1940-ல் உறுப்பினராக்கியது. லான்ஸ்டேலை 1945-ல்தான் சேர்த்தது, அதுவரை ஒரு பெண்ணையும் சேர்த்ததில்லை. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகம் போனார். அங்கே உருகிய உலோகங்களில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். 1946-ல் சர் பட்டம். 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர். பத்மபூஷண் 1954-ல், முதல் பட்நாகர் விருது 1958-ல். பட்டங்களை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இடம் போதாது.

அந்த ஆய்வகத்துக்கு அவர் இயக்குநராக இருந்தபோது ஒரு விருந்தாளி வந்தது. பாரிஸ் பக்கத்தில் வைத்திருந்த உலகக் கிலோகிராம் கட்டியின் நகல், எண் 57. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உருளை, உயரம் 39 மில்லிமீட்டர், அகலமும் அதே. அதுவரை நம்ம நாட்டில் ஊருக்கு ஒரு எடை. சேர், வீசை, பலம் என்று கடைக்குக் கடை குழப்பம். பல ஊர்த் தராசுகளும் ஒத்துப்போக டெல்லியில் இருந்த அந்தச் சின்ன உருளைதான் ஆதாரம். 2019-லிருந்து கிலோகிராமுக்கு உலோகக் கட்டி தேவையில்லை, இயற்கையின் ஒரு மாறிலியை வைத்துச் சொல்கிறார்கள்.

கிருஷ்ணன் 1961 ஜூன் 14 அன்று டெல்லியில் காலமானார். வயது 62. அடுத்த வருஷம் ஏப்ரலில் நாடு முழுக்க கிலோ கணக்கு கட்டாயம் ஆனது. எங்க பாட்டி மட்டும் புளி வாங்கும்போது இன்னும் வீசைக் கணக்குதான் சொல்றாங்க.