முக்கோணங்களால் நாட்டை அளந்தவர்

பசுமலைக் குன்றின்மேல் ஏறி நின்றால் தென்மேற்கே திருப்பரங்குன்றமும் வடமேற்கே நாகமலையும் கண்ணில் படும். மூன்று குன்றுகள்; ஒரு முக்கோணம். கணித ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய எனக்கு இது ஓய்வு பெற்ற பின்னரே உறைத்தது. சைன், கொசைன் அட்டவணையை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன். இதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்குத் தேர்வையே பயனாகக் காட்டினேன். வில்லியம் லாம்ப்டனின் வாழ்க்கையை அன்றே படித்திருந்தால் வேறு விடை கூறியிருப்பேன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த லாம்ப்டன், படைவீரராக அமெரிக்கப் போரில் சிறைப்பட்டு, பின்னர் இந்தியா வந்தவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது, இரவில் திசைமாறிச் சென்ற தம் படையை விண்மீன்களைப் பார்த்தே திருப்பியவர். போர் முடிந்ததும் அவர் முன்வைத்த திட்டம், தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளப்பது.

அதன் அடிப்படை, பள்ளி மாணவருக்கும் புரியக்கூடியது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும். மற்ற இரு பக்கங்களை நடந்து அளக்க வேண்டியதில்லை. பக்கம் 1 கிலோமீட்டர், கோணங்கள் 60, 75 பாகை எனக் கொள்வோம். மூன்றாம் கோணம் 45 பாகை. சைன் விதிப்படி, 60 பாகைக்கு எதிரே உள்ள பக்கம் ஏறத்தாழ 1.22 கிலோமீட்டர். அப்பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடித்தளமாகும். இப்படியே காடும் ஆறும் கடந்து சங்கிலி நீளும்.

1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்க, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி. மலையில்லாச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலேற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவர் பணியையே கைவிட்டிருப்பார். அவரோ தனித்து அமர்ந்து ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நேராக்கினார்.

சென்னைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே உள்ள தொலைவு, பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்று அவரது அளவை காட்டியது. தெற்கு வடக்காக அவர் தொடங்கிய நீள்கோடு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. அத்தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே செல்கிறது.

இந்த அளவை வரிக்கும் படைக்கும் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடி பிடித்தும் சங்கிலி சுமந்தும் காய்ச்சலில் மடிந்த நம்மவர் பலரின் பெயர்கள் வரலாற்றில் இல்லை என்பதும் உண்மையே. லாம்ப்டனும் களத்திலேயே, 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். அந்த முக்கோணங்களின் தொடர்ச்சியில்தான், 1852-இல் ராதாநாத் சிக்தார் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டுக் கண்டார்.

இன்றைய ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முக்கோணவியலைக் கரும்பலகையில் தொடங்காதீர்கள். ஓர் அளவு நாடாவும் கோணமானியும் கொடுத்து மாணவர்களை அருகிலுள்ள குன்றுக்கோ கோபுரத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். நான் தவறவிட்ட விடையை அவர்கள் தாமே கண்டடைவார்கள்.