வெடிமருந்துக்காரருக்கு எழுதிக் கொடுத்த நெஞ்சுநோக் குளிசை

கிளிநொச்சியில் மாதாந்தம் கிளினிக்குக்குப் போய்வரும் என் அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தல் இருக்கும். நெஞ்சை இறுக்கினால் அதிலுள்ள குளிசையொன்றை நாக்கின் கீழ் வைப்பார். லேபிளில் இருந்த கிளிசரைல் ட்ரைநைற்றேற் என்பது நைத்திரோகிளிசரினின் மறுபெயர் என்று அறிந்த நாளில் திடுக்கிட்டேன். பதுங்குகுழிகளில் கிடந்து தப்பிவந்த மனிதரின் பையில் வெடிபொருள்! குளிசையில் இருப்பது அரை மில்லிகிராம்தான், வெடிக்காது. ஆனாலும் அதன் பிறகுதான் அல்பிரட் நோபலின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

நோபல் 1833இல் ஸ்ரொக்ஹோமில் பிறந்தவர். நைத்திரோகிளிசரினை 1847இல் முதலில் தயாரித்தவர் அவரல்ல, சொப்ரேரோ என்ற இத்தாலியர். சிறு துளியை நாவில் வைத்துப் பார்த்ததற்கே அவருக்குக் கடும் தலைவலி வந்தது. அந்தத் திரவத்தைத் தொழிலாக்கியவர் நோபல். 1864 செப்டெம்பர் 3ஆம் திகதி அவர்களின் தொழிற்கூடம் வெடித்ததில் தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டார்கள். அந்த வீடு அன்று எப்படி இருந்திருக்கும் என்று வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நோபல் நிறுத்தவில்லை. 1867இல் டைனமைற்றுக்குக் காப்புரிமை பெற்றார். இதை என்னால் இன்றும் சீரணிக்க முடியவில்லை.

1879இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மரல், மிகச் சிறிய அளவு நைத்திரோகிளிசரின் அஞ்சைனா எனும் நெஞ்சுநோவைத் தணிப்பதாக எழுதினார். அது குருதிக் குழாய்களை விரிக்கிறது. இதயத்தின் சுமை குறைகிறது. முதுமையில் நோபலுக்கும் அதே நோ வந்தது. 1896இல் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தது அவருடைய சரக்கைத்தான். சனங்கள் பயப்படாதிருக்க ட்ரைநைற்றின் என்று பெயரை மாற்றியிருந்தார்கள். விதியின் இந்தக் கேலியை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். சில வாரங்களில், டிசம்பர் 10ஆம் திகதி, மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் சன் ரேமோவில் இறந்தார். அம்மருந்தின் வேலைக்குக் காரணமான நைத்திரிக் ஒக்சைட்டை உடலில் இனங்கண்ட மூவருக்கு 1998இல் கிடைத்தது அவர் பெயரிலான பரிசு.

2009இல் மூட்டை சுமந்து ஓடியபோதுதான் அப்பாவுக்கு முதலில் நெஞ்சு இறுகியது. இருந்ததும் குறைந்தது. வாய்வு என்று நினைத்து இஞ்சி அவித்துக் கொடுத்தோம். கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை.

வேலை செய்யும்போது வந்து, ஓய்ந்தால் சில நிமிடங்களில் போவது நிலையான அஞ்சைனா. அதற்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோடு அற்றெனலோல் போன்றவையும், குருதி உறையாதிருக்க அஸ்பிரினும், கொழுப்புக்கு ஸ்ரற்றினும் கொடுப்பார்கள். அரிதாக, இதயக் குழாய் இழுத்துப் பிடிப்பதால் பெரும்பாலும் நடுச்சாமத்திலோ விடியற்காலையிலோ வரும் வகையும் உண்டு. அதற்கு டில்ரியாசெம் போன்றவையே உதவும், அற்றெனலோல் வகை சிலருக்குக் கூடாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையைக் கடன் வாங்கக்கூடாது.

சும்மா இருக்கும்போதே புதிதாக வருவதும், நாளுக்கு நாள் கூடுவதும் நிலையற்ற அஞ்சைனா. அது மாரடைப்பின் வாசல். இருந்துகொண்டு ஒரு குளிசை வைத்து, ஐந்து நிமிடத்தில் நோ குறையாவிட்டால் 1990 இலவச நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். எங்கள் வீட்டில் அந்த இலக்கத்தை அப்பாவின் படுக்கைக்கு மேலே கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.