பரமஹம்சரும் அடங்கா மாணாக்கரும்

வங்காளத்துக் காமார்புகூரில் 1836ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர், பிள்ளைப் பிராயத்திலே கணக்கை வெறுத்தவர். 1852இல் தமையனார் இராம்குமார் கல்கத்தாவிலே தாம் நடாத்திய சம்ஸ்கிருத பாடசாலைக்கு அழைத்துச் சென்றபோதும், பிழைப்புக்கான கல்வி தமக்கு வேண்டாமென மறுத்துவிட்டார். அவரே பின்னர் தட்சிணேசுவரக் காளி கோயிலிலிருந்து அடங்காத மாணாக்கர் சிலருக்கு ஆசானாயினார்.

பிற்காலத்தில் விவேகானந்தரான நரேந்திரர், விக்கிரக வழிபாட்டை மறுத்து வாதாடினார். குரு பணத்தைத் தீண்டாரென்பது மெய்தானோவென்று படுக்கையின் கீழே நாணயமொன்றை ஒளித்துச் சோதித்தும் பார்த்தார். குரு சினவாது மகிழ்ந்தார்.

அவரினுங் கடினமானவர் நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ். குடிவெறியிலே குருவையே ஏசியவர். அவர் இயற்றிய சைதன்ய லீலை நாடகத்தைப் பரமஹம்சர் 1884இல் நாடகசாலைக்கே சென்று கண்டு களித்தார். மதுவை விடுமாறு கட்டளையிடவில்லை. காலையும் மாலையும் கடவுளை நினைக்கும்படி மாத்திரம் கேட்டார். தம்மால் இயலுமோவென்று கிரீஷ் வாளாவிருந்தார். உண்ணுமுன்னும் உறங்குமுன்னுமாவது நினைக்கச் சொன்னார். அதற்கும் அவர் வாக்களிக்கவில்லை. வகுப்பறையில் வாங்கின்மேல் ஏறிநின்று பழகிய நாம் இதனைப் பிடிவாதமென்றே கொண்டிருப்போம். பொய் வாக்குக் கொடாத நேர்மையைப் பரமஹம்சர் அதிற் கண்டார் போலும். பொறுப்பனைத்தையும், அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பதுபோல, தம்மிடமே ஒப்படைக்கச் சொன்னார்.

கிரீஷ் பெரும் பாரம் நீங்கியதென்று மகிழ்ந்தார். நாளடைவிலேதான், சிறு செயலையுந் தம்முடையதென்று சொல்லத் தமக்கு உரிமையில்லையென்பது அவருக்கு விளங்கிற்று. இருவேளை நினைக்கத் தயங்கியவர், மூச்சுக்கு மூச்சு குருவை நினைக்க வேண்டியவரானார். 1886இல் குரு மறைந்தார். கிரீஷ் 1912 வரை வாழ்ந்தார்.