சிறிய குழியில் பயின்றவர்

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை நெடுந்தொலைவு பறக்கவிடுவதே கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவர். ஆடுபவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். குழியைச் சுற்றி ஒட்ட மழிக்கப்பட்ட புல்தரையில், நான்கைந்து அடி தொலைவிலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் சேர்க்கும் 'பட்டிங்'தான் அவர்களின் உறக்கத்தைக் கெடுப்பது. 18 குழிகள் கொண்ட மைதானத்தை 72 முறை அடித்து முடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதில் சரிபாதி, அதாவது குழிக்கு இரண்டு வீதம் 36, இந்த உருட்டலுக்காகவே ஒதுக்கப்பட்டது.

எனவே, இதற்கான பயிற்சிச் சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்று காட்டும் கண்ணாடி, மட்டை தடம் மாறாதிருக்க இருபுறமும் நடும் குச்சிகள், பந்து நேராக ஓடுகிறதா என்று அறிய உலோக அளவுகோல், லேசர் ஒளிக்கருவி எனக் கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் மிக எளியது, குழியின் வாயைச் சுருக்கும் ஒரு வளையம். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வால்டர் டிராவிஸ் நினைவுக்கு வருகிறார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மால்டன் என்னும் சுரங்க ஊரில் 1862-இல் பிறந்தவர் டிராவிஸ். ஓர் ஆஸ்திரேலிய வணிக நிறுவனத்தின் பிரதிநிதியாக இருபதுகளில் நியூயார்க் சென்று, பின்னர் அமெரிக்கக் குடிமகனானார். கோல்ஃப் ஆட்டத்தை அவர் அந்நாளில் பெரிதாக மதிக்கவில்லை. 1896-இல் தம் நண்பர்கள் கோல்ஃப் சங்கம் தொடங்கப் போகிறார்கள் என்பதறிந்து, அரைமனத்துடன்தான் மட்டைகள் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 34. இன்றைய ஆட்டக்காரர்களில் பலர் மூன்று வயதிலேயே மட்டை பிடித்தவர்கள்.

நான்கே ஆண்டுகளில், 1900-இல், அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1901-இலும் 1903-இலும் மீண்டும் அதே பட்டம். சிறிய உடல், தாடி, வாயில் எப்போதும் சுருட்டு, பேச்சு மிகக் குறைவு. களத்தில் அவரைக் 'கிழவர்' என்றே அழைத்தனர். அவர் அடிக்கும் பந்து அதிக தூரம் போகாது. இளைஞர்கள் அவரைவிடப் பல கஜம் முன்னால் பந்தை நிறுத்துவார்கள். ஆனால் புல்தரைக்கு வந்ததும் கணக்கு மாறிவிடும்.

எப்படி மாறியது? கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது 1891-இல் நிலைபெற்ற விதி. டிராவிஸ் அதைவிடச் சிறிய குழிகளை வெட்டி வைத்துக்கொண்டு, அவற்றில் பந்தை உருட்டிப் பயின்றார். பெரிய குழியில் ஓரமாகப் பட்டாலும் பந்து உள்ளே விழுந்துவிடும். சிறிய குழி அந்தச் சலுகையைத் தராது. சற்று வேகமாக உருட்டினால் பந்து அதன் மேலேயே தாண்டிப் போய்விடும். திசையும் வேகமும் ஒருசேரச் சரியாக இருந்தாக வேண்டும். அங்கே நூறு முறை உருட்டிவிட்டுப் போட்டிக்குச் செல்பவனுக்கு அந்த நாலேகால் அங்குலம் வாளியின் வாயைப் போலத் தோன்றும். பெரும்பாலான சாதனங்கள் வேலையை எளிதாக்கிக் காட்டுகின்றன. டிராவிஸின் முறை வேலையைக் கடினமாக்கியது. தேர்வுக்கு முன்பு கடினமான வினாத்தாளைக் கொடுத்துப் பழக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்; அப்போது மாணவர்கள் அவர்களை வெறுப்பார்கள், பிறகு தேடி வந்து நன்றி சொல்வார்கள்.

கருவிகள்மீது அவருக்கு வெறுப்பு ஏதும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் இழை சுற்றிச் செய்த 'ஹாஸ்கெல்' பந்து புதிதாக வந்தபோது, அதைக் கொண்டு 1901 பட்டத்தை வென்றவர் அவர். புதியதை முதலில் எடுத்துப் பார்க்கும் வணிகரின் குணம் அது. அந்தக் குணமே பின்னர் அவர் பெயருக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது.

1904-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டிக்காக இங்கிலாந்து சென்றார். ஆட்டம் சாண்ட்விச் நகரின் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தில். பயிற்சி நாள்களில் அவருடைய பட்டிங் அவரைக் கைவிட்டது. ஒரு நண்பர் சொன்னதன் பேரில் 'ஷெனெக்டடி' என்ற மட்டையை எடுத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் நைட் வடிவமைத்தது அது. அலுமினியத் தலை, பிடியின் தண்டு தலையின் ஓரத்தில் இணையாமல் ஏறக்குறைய நடுவில் இணைந்திருக்கும். அந்த மட்டையுடன் ஹரோல்ட் ஹில்ட்டன், ஹொரேஸ் ஹட்சின்சன் போன்ற பெரும் ஆட்டக்காரர்களை வீழ்த்தி, இறுதியில் நெடுந்தூரம் அடிப்பதில் புகழ்பெற்ற எட்வர்ட் பிளாக்வெல்லையும் வென்றார். அந்தக் கோப்பை பிரிட்டனுக்கு வெளியே போனது அதுவே முதல் முறை.

வரவேற்பு இனிமையாக இருக்கவில்லை. தமக்கு நல்ல உதவியாளர் தரப்படவில்லை என்பது போன்ற மனக்குறைகளை அவர் பின்னாளில் எழுதினார். அவருடைய சிடுசிடுப்பும் விருந்தோம்பலுக்கு உதவியிருக்காது. ஆனால் அவரை அதிகம் உறுத்தியிருக்கக் கூடியது வேறொன்று: வென்றது மனிதரல்லர், மட்டைதான் என்ற பேச்சு. 1910-இல், ஆட்ட விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் சுத்தியல் வடிவ மட்டைகளுக்குத் தடை விதித்தது. ஷெனெக்டடியும் அதில் அடங்கியது. டிராவிஸைப் பழிவாங்கவே தடை வந்தது என்று அமெரிக்காவில் பலர் நம்பினர். ஆறு ஆண்டு காத்திருந்து பழிவாங்குவது சற்று விசித்திரம்தான். நியூசிலாந்துச் சங்கம் ஒன்று கேட்ட விளக்கத்திலிருந்தே விவகாரம் தொடங்கியது. அமெரிக்கச் சங்கமோ தடையை ஏற்கவில்லை. ஒரே மட்டை அட்லாண்டிக்கின் ஒரு கரையில் சட்டப்படி செல்லும், மறுகரையில் செல்லாது என்றானது.

உற்பத்தி பெருகும்போது அதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, தொழிலாளியின் திறன் எவ்வளவு என்று பிரிப்பது பொருளியலில் தீராத வழக்கு. முப்பது ஆண்டு அதைக் கற்பித்த எனக்கு, டிராவிஸின் வழக்கில் தீர்ப்பு சொல்வது அவ்வளவு சிரமமாகத் தெரியவில்லை. அந்த மட்டை கடையில் யாருக்கும் கிடைத்தது. வாங்கியவர்கள் எல்லாரும் சாண்ட்விச்சில் கோப்பை வாங்கவில்லை. சிறிய குழியில் கழிந்த மணிநேரங்கள் விற்பனைக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் அவர் எழுத்திலும் மைதான வடிவமைப்பிலும் ஈடுபட்டார். 1908-இல் 'தி அமெரிக்கன் கோல்ஃபர்' இதழைத் தொடங்கினார். 1915-இல், 53-ஆம் வயதில், நியூயார்க் வட்டாரத்தின் மெட்ரோபாலிட்டன் பட்டத்தை வென்று போட்டிகளிலிருந்து விலகினார்.

பாபி ஜோன்ஸ் என்ற சிறுவன் 14 வயதில் 1916 அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஆடியபோது, அவனிடம் குறையென்று டிராவிஸ் கண்டது பட்டிங்கை மட்டுமே. கற்றுத்தர இசைந்தார், ஜோன்ஸ் தாமதமாக வந்ததால் பாடம் நடக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1924-இல், அகஸ்டா நகரில் அது நடந்தது. குதிகால்கள் ஏறக்குறைய ஒட்டும்படி நிற்கச் செய்தார், கைப்பிடியை மாற்றினார். பந்தின் பின்புறத்தில் ஒரு சிறு ஆணி இருப்பதாகவும், அதை மட்டையால் பந்துக்குள் அடித்து இறக்குவதாகவும் எண்ணிக்கொள்ளச் சொன்னார். காசு செலவில்லாத இன்னொரு பயிற்சிச் சாதனம். அதே ஆண்டு ஜோன்ஸ் தம் முதல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார்.

அந்த நான்கைக் காண டிராவிஸ் இல்லை. உடல்நலம் நாடி டென்வர் சென்றிருந்தபோது 1927-இல் காலமானார். தாம் வடிவமைப்பில் பங்கேற்ற எக்வானாக் மைதானம் அமைந்துள்ள வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டார். ஷெனெக்டடி மட்டைக்கான தடை 1952-இல் நீங்கியது.