அரசை இழந்த அரசர்

பிள்ளைகளே, வெளியே பனி கொட்டுதா? பரவாயில்லை. மொன்றியலில் இருந்துகொண்டே, மனதாலே இன்று தஞ்சாவூர் அரண்மனைக்குப் போவோம், வாங்கோ!

இதோ, நாயக்கர் காலத்துத் தர்பார் மண்டபம். தடித்த தூண்களையும் வண்ண ஓவியங்களையும் வடிவாகப் பாருங்கோ. நடுவே வெள்ளைச் சலவைக்கல்லில் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். அவர்தான் இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777ஆம் ஆண்டு பிறந்தார். துளஜா மன்னருக்குப் பிள்ளை இல்லை. அதனால் 1787இல் சரபோஜியைத் தத்தெடுத்தார். அதே ஆண்டில் மன்னர் இறந்துவிட்டார். மன்னரின் தம்பி அமரசிங் ஆட்சியைப் பிடித்தார். சிறுவன் சரபோஜியை அடைத்து வைத்தார், படிக்கவும் விடவில்லை. உங்கள் வயதுப் பிள்ளை அது. எவ்வளவு பயந்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ!

சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் அவருக்காகப் பேசினார். பிறகு சரபோஜி சென்னைக்குப் போய்ப் படித்தார். 1798இல் அரசரானார்.

ஆனால், அடுத்த ஆண்டே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டின் ஆட்சியை எடுத்துக்கொண்டது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அவரிடம் மிஞ்சின. நாடு இல்லாத அரசர் என்ன செய்வார்? சும்மா இருந்தாரா? இல்லை!

அரண்மனையில் முன்பே ஒரு நூலகம் இருந்தது. அதை அவர் பெரிதாக வளர்த்தார். காசிக்கு யாத்திரை போனபோதும் சுவடிகளைத் தேடினார். ஐரோப்பாவிலிருந்து புத்தகங்களை வாங்கினார். அவற்றில் பிரெஞ்சுப் புத்தகங்களும் உண்டு. பல புத்தகங்களில் அவருடைய கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தினார். ஓர் அச்சகமும் வைத்தார். கண் நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரைய வைத்தார். அவர்களுக்குச் செய்த வைத்தியத்தையும் எழுதி வைக்கச் செய்தார்.

இப்போ கண்ணை மூடுங்கோ. சலங்கைச் சத்தம் கேக்குதா? சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் அந்த அரசவையில் இருந்தார்கள். பரதநாட்டியக் கச்சேரியில் முதலில் அலாரிப்பு, கடைசியில் தில்லானா வரும் அல்லவா? அந்த ஒழுங்கை அமைத்தவர்கள் இவர்கள்தான். ஒரு பக்கம் ஆட்டமும் பாட்டும். இன்னொரு பக்கம் பண்டிதர்கள் ஓலைச்சுவடிகளைப் படி எடுக்கிறார்கள்.

1832இல் சரபோஜி இறந்தார். பிறகு தஞ்சையில் மன்னராட்சியும் முடிந்துபோனது. ஆனால் நூலகம் போகவில்லை. 1918இல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதுதான் சரஸ்வதி மகால் நூலகம். 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே இருக்கின்றன.

சரி, கண்ணைத் திறவுங்கோ. படிக்க விடாமல் அடைத்து வைக்கப்பட்ட அந்தச் சிறுவன், வளர்ந்து எத்தனை பேருக்குப் படிக்க வழி திறந்துவிட்டான், பார்த்தீர்களா? அடுத்த முறை நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுக்கும்போது, அவரையும் ஒருக்கா நினைத்துப் பாருங்கோ.